குடித்தானா, அடித்தானா

அந்த ஒடிசாக்காரனையும் அவன் பெண்டாட்டியையும் எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்கிறவர்கள், எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் வரவில்லை.

மாங்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கீரைத் தோட்டம் இருந்தது. நாலு ஏக்கர். தோட்டம் என்கிறேனே தவிர அது மனை பிரித்த இடம்தான். மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் பாத்திகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும். ஏதோ வழக்கில் மாட்டி மனை விற்காமல் கிடக்க, ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டார். பக்கத்து ஊர்க்காரர். அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நான் அவரிடம் ஒன்பது வருஷம் வேலை செய்தேன். எங்கள் தெருப் பெண்கள் இன்னும் ஐந்து பேர் என்னோடு வந்தார்கள். காலை ஆறரைக்குப் போனால் மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். நானூறு ரூபாய் கூலி, இரண்டு தரம் டீ. களை எடுப்போம், கீரை பிடுங்குவோம், தொட்டியில் அலசிக் கட்டுப் போடுவோம். மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வரும். இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை, அதுவும் கான்ட்ராக்ட். மகள் காலேஜில் படித்தாள். அந்த நானூறு இல்லாமல் எங்கள் வீடு ஓடாது.

கொரோனா முடிந்து எல்லாரும் வெளியே வர ஆரம்பித்த பிறகு, ஒரு ஏஜென்ட் ஒடிசாவிலிருந்து இரண்டு ஜோடிகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். மோட்டார் ரூமை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு அறை கட்டி, நடுவில் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டு, இரண்டு ஜோடிகளையும் அதற்குள் வைத்தார்கள். அவர்கள் வந்து எட்டாம் நாள், அண்ணன் எங்களைத் தொட்டிப் பக்கம் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"இனிமே நாள் கூலி கெடையாது. கட்டுக்கு ஒரு ரூபா."

"இன்னாண்ணா இது? நாள் பூரா குனிஞ்சிக்கினு இருந்தாலும் எரநூத்தம்பது கட்டு தாண்டாதே" என்றேன்.

"இஷ்டம் இருந்தா வாங்க. இல்லன்னா அவங்க கீறாங்க" என்று மோட்டார் ரூம் பக்கம் கையைக் காட்டினார்.

எங்களில் மூன்று பேர் அன்றோடு நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை, நிற்க முடியவில்லை. அண்ணனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆகவே வந்தவர்களைத் திட்டினேன். அவர்களுக்குப் புரியாது என்கிற தைரியத்தில் எதிரிலேயே திட்டினேன். இரண்டு மாதத்தில் ஒரு ஜோடி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய்விட்டது. மிச்சம் இருந்தவர்கள் இந்த இரண்டு பேர். அவனுக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லியாக, எப்போதும் எதையோ கணக்குப் போடுகிறவன்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்பான். அவள் அவனைவிடக் குள்ளம், நல்ல பலசாலி. நான் ஒரு கட்டுப் போடுவதற்குள் இரண்டு போட்டுவிடுவாள். அதற்காகவே அவளை எனக்கு ஆகாது.

தோட்டத்தில் போர் தண்ணீர் உப்பு. எங்களுக்குக் குடிக்க கேன் தண்ணீர் வரும். அவர்கள் போர் தண்ணீரைத்தான் குடித்தார்கள். ஒருநாள் வெயிலில் அவள் வந்து எங்கள் கேனிலிருந்து ஒரு சொம்பு பிடித்தாள். நான் எழுந்து போய் அவள் கையிலிருந்த சொம்பை வாங்கி, தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, காலிச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் நாங்கள் கீரை அலசுகிற தொட்டியில் இரண்டு கூடை சேறு கிடந்தது. யார் போட்டது என்று கேட்க வேண்டியதே இல்லை. நான் போய் அவள் மயிரைப் பிடித்தேன். அவள் என் கையைக் கடித்தாள். இரண்டு பேரும் பாத்தியில் விழுந்து புரண்டோம். அவள் புருஷனும் எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் இழுத்துப் பிரித்தார்கள். அண்ணன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் போதும். கீரை நாசமாவுது" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அது எனக்கு அப்போது வித்தியாசமாகப் படவில்லை.

அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. காலை ஐந்து மணிக்கு மோட்டார் போடுவதிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு லோடு ஏற்றுவதுவரை அவர்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினெட்டாயிரம் சம்பளம் என்றும், அதில் ஏஜென்ட் மாதாமாதம் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறான் என்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் சொல்லியிருந்தார். ஆதார் கார்டு இரண்டும் அண்ணன் வீட்டு பீரோவில். அவளுக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு நாள் படுத்தபோது, அந்த இரண்டு நாளையும் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் கேள்விப்பட்டேன். கேட்டபோது எனக்குத் தோன்றியது, நல்லா வேணும் என்றுதான். இவ்வளவு மலிவாக வந்து நிற்காவிட்டால் என் நானூறு ஏன் போகிறது.

மருந்து அடிக்கிற வேலையை எங்கள் ஆட்கள் யாரும் செய்ததில்லை. முன்பெல்லாம் டேங்குக்கு இவ்வளவு என்று பேசி வெளியிலிருந்து ஒருத்தர் மிஷினோடு வருவார். முகத்தில் துண்டு கட்டி, முழுக்கை சட்டை போட்டு, அடித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் போவார். இவன் வந்த பிறகு அந்த ஆளை நிறுத்தியாயிற்று. அண்ணன் ஒரு பழைய டேங்க் வாங்கி வந்து இவன் முதுகில் மாட்டிவிட்டார். சம்பளத்தோடு சேர்ந்த வேலை, தனிக்காசு இல்லை.

ஆனி மாதம். சிறுகீரையில் புழு விழுந்திருந்தது. இலையெல்லாம் சல்லடை. அன்றைக்கே நாலு ஏக்கரும் அடித்தாக வேண்டும் என்று அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். அன்று காலை புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஏதோ வாக்குவாதம். ஊருக்குப் பணம் அனுப்புவதைப் பற்றி என்று நினைக்கிறேன், அவர்கள் பாஷை எனக்கு என்ன தெரியும். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அவள் கீரை பிடுங்கப் போய்விட்டாள். அவன் டேங்கைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் வந்தான். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, லீக்" என்று டேங்கின் அடியைக் காட்டினான். வாஷர் போய் மருந்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"துணி கட்டிக்கோ. நாளைக்கு மாத்திக்கலாம்."

"அண்ணா, நெறைய லீக்."

"நாளைக்குடா. இன்னிக்கு அடி."

அவன் ஒரு பழைய லுங்கியைக் கிழித்துக் கட்டினான். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு என் கட்டைப் பார்த்தேன். எனக்கு எண்ணிக்கை முக்கியம்.

பத்து மணிக்கே அவன் சட்டை முதுகிலிருந்து இடுப்புவரை நனைந்து ஒட்டிப்போயிருந்தது. வேர்வை அந்த மாதிரி நனைக்காது. கிட்டே வந்தால் மருந்து வாடை குமட்டியது. பன்னிரண்டு மணி சுமாருக்கு வந்து டேங்கை இறக்கி வைத்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான். அண்ணன் பைக்கில் உட்கார்ந்தபடியே, "இன்னும் நாலு டேங்க்தான். முடிச்சிட்டு தூங்கு" என்றார். அவன் எழுந்து போனான்.

கட்டுக் கணக்கு வந்ததிலிருந்து நான் மூன்று மணிவரை இருப்பது வழக்கம். அதனால்தான் அவன் விழுந்ததையும் பார்த்தேன். முழங்கால் மடங்கி, டேங்கோடு பக்கவாட்டில் சாய்ந்தான். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. தொப்பலாக வேர்த்திருந்தான். கன்னத்துச் சதையும் தோள் சதையும் தானாகத் துடித்தன. அவள் எங்கிருந்தோ ஓடி வந்தாள். அவள் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்றார்கள்.

லோடு ஆட்டோவில் கீரைக் கட்டுகளுக்குப் பதில் அவனைப் போட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்து, "நீ கூட ஏறு. அதுக்கு பாஷை தெரியாது" என்றார். ஏறினேன். அண்ணன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வழி நெடுக அவன் தலை அவள் மடியில், கால் என் மடியில். அவன் வாந்தி என் புடவையில் பட்டது. காலை நகர்த்தி வைக்கலாமா என்று யோசித்ததும் ஞாபகம் இருக்கிறது.

முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில், "பாய்சன் கேஸ் இங்க எடுக்கறதில்ல" என்று படியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு கவர்மென்ட் ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் ஒரு டாக்டரம்மா வந்தார். வயது என் மகளைவிட ஐந்தாறு கூட இருக்கலாம். அவன் கண்ணை விரித்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குடிச்சாரா, அடிச்சாரா?"

எனக்குக் கேள்வியே முதலில் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது.

"குடிச்சிட்டான் மேடம். பொண்டாட்டிகூட சண்டை."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க கூட இருந்தீங்களா? பாத்தீங்களா?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் பெண்டாட்டி அவன் காலைப் பிடித்தபடி எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"காலையில சண்டை போட்டாங்க மேடம்" என்றேன்.

அது பொய் இல்லை. அப்படித்தான் என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். நர்ஸ் ஒருவர், "சட்டையெல்லாம் மருந்து மேடம்" என்றார். கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். முதுகு முழுக்க வெந்ததுபோலச் சிவந்திருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது அண்ணன் ஒரு கடையில் ஆட்டோவை நிறுத்தி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஒன்பது வருஷத்தில் கடையில் நிற்க வைத்து வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"குடிச்சான்னா அது அவன் பாடு. அடிச்சி விழுந்தான்னா நம்ம பாடு. ஆபீஸ், கேஸு, காம்பன்சேஷன்னு இழுப்பாங்க. தோட்டத்த மூடிட்டா ஒனக்கும் வேல இல்ல. புரியுதா?"

"புரியுதுண்ணா."

"நாளையிலர்ந்து ஒனக்கு பழைய கூலி. அவளுங்க கிட்ட சொல்லிக்காத."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் புடவையை அலசிக் காயப்போட்டேன். வீட்டுக்காரரிடம் கூலி ஏறிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

நாலு நாள் போயிற்று. அவன் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். அண்ணன் வேறொரு வடக்கத்திப் பையனைப் புதிதாக வேலைக்கு வைத்தார். புது டேங்கும் வந்தது. பழையதை அண்ணன் தன் கையாலேயே ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் வீசியதைப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என் தெரு அவளுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை, கேட்டுக் கேட்டு வந்திருப்பாள். அதே புடவைதான் கட்டியிருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. ஆஸ்பத்திரியில் இந்தி தெரிந்த யாரோ, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"நீ பாத்த" என்றாள்.

"இன்னா பாத்தேன்?"

"டேங்க் ஓட்டை. நீ பாத்த. என் ஆளு குடிக்கல. நீ குடிச்சான் சொன்ன."

"நான் எங்கடி சொன்னேன்? சண்டை போட்டீங்கன்னுதான் சொன்னேன்."

"நீ பாத்த" என்றாள் மறுபடியும். அவளுக்கு இருந்த தமிழ் அவ்வளவுதான். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். சத்தம் ஏறிக்கொண்டே போனது. எதிர்வீட்டுக்காரி வெளியே வந்தாள். மாடியில் குடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, நானும் வாசற்படிக்கு வந்துவிட்டேன்.

"போடி இங்கர்ந்து. ஒங்க ஊர்ல பொழப்பு இல்லன்னு எங்க வாயில மண்ணப் போட வந்தவளுங்கதானே நீங்க. எரநூத்தம்பதுக்கு நான் சாவறேன், அது ஒன்னால. இப்ப என்ன வந்து கேக்கற."

அவள் எவ்வளவு புரிந்துகொண்டாளோ. கடைசியில் ஒன்று கேட்டாள், தெளிவாக. "காசு குடுத்தாங்களா?"

நான் கதவைச் சாத்தினேன். உள்ளே மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னா பாக்கற, படி" என்றேன். வீட்டுக்காரர் நைட் டூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, விஷயத்தை விசாரித்தார். "நமக்கெதுக்கு இதெல்லாம். போலீஸ் வந்து கேட்டா அவரு சொல்றத சொல்லிட்டு வந்துடு" என்றார். நானும் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். அவளைப் பார்த்த பிறகு இன்னும் கெட்டியாக முடிவு செய்தேன் என்றுகூடச் சொல்லலாம். தெருவில் எல்லார் முன்னாடியும் என்னைக் காசு வாங்கினவள் என்று கேட்டுவிட்டாளே.

மறுநாள் காலை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போலீஸ் ஏட்டு வரப்போகிறார், வாக்குமூலம் எழுதுவார் என்றார்.

"அவன் டெய்லி குடிப்பான், அவள போட்டு அடிப்பான். அன்னிக்கு சண்டை முத்திப்போய் மருந்து டப்பாவ எடுத்து வாயில ஊத்திக்கினான். நீ பாத்த. அவ்ளோதான்."

"டப்பாவ நான் பாக்கலியேண்ணா."

"பாத்தேன்னு சொல்லு."

"வேற யார்னா..."

அவர் சிரித்தார். "மத்தவளுங்க அங்க போய் ஆன்னு அழுதுடுவாளுங்க. ஒனக்கு அந்தப் பிரச்சன இல்ல. ஒனக்கு அவங்களக் கண்டாலே ஆவாது. அன்னிக்கு மயிரப் புடிச்சி உருண்டியே, அப்பவே நெனச்சேன், நீ நம்ம ஆளுன்னு."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். தோளில் தட்டாத குறை. நான் தொட்டிப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். கை வேலை செய்தது, கட்டு விழுந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அவர் வரப்பில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. எங்கள் கூலியைக் குறைத்தபோது அவர்கள் பக்கம் கையைக் காட்டினாரே, அதுவும் வந்தது. என் கோபம் எனக்குச் சொந்தமானது, நானாகச் சம்பாதித்தது என்று நினைத்திருந்தேன். அவர் அதை இத்தனை நாளும் உரம் மூட்டை மாதிரி எடுத்து வைத்திருக்கிறார், வேண்டும்போது பிரித்துப் போடலாம் என்று. உடம்பெல்லாம் எரிந்தது. அவளை நினைத்து இல்லை. அவன் முதுகை நினைத்தும் இல்லை.

ஏட்டு பதினோரு மணிக்கு வந்தார். ஓய்வு பெறுகிற வயசு. மோட்டார் ரூம் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நோட்டைப் பிரித்தார். அண்ணன் அவர் பக்கத்திலேயே நின்றார்.

"நீதான் பாத்ததாமே. சொல்லும்மா."

"அவன் குடிக்கல சார்."

ஏட்டு நிமிர்ந்தார்.

"டேங்க் ஒழுகுச்சி. காலையிலயே இவராண்ட காட்டுனான். நாளைக்கு மாத்திக்கலாம், இன்னிக்கு அடின்னாரு. காலையிலர்ந்து மூணு மணி வரைக்கும் அடிச்சான். முதுகெல்லாம் மருந்து. அப்படியே உழுந்தான்."

புதுப்பையன் தூரத்தில் மண் அணைத்துக்கொண்டிருந்தான்.

"இதுக்கு கிறுக்கு புடிச்சிருக்கு சார்" என்றார் அண்ணன். "நேத்து அந்தப் பொம்பள ஊட்டுக்கே போய் மெரட்டியிருக்கா. பயந்துபோய் ஒளறுது."

"ஆஸ்பத்திரில சண்டைன்னு சொல்லியிருக்கியே" என்றார் ஏட்டு.

"சண்டை போட்டாங்க சார். சண்டை போட்டா குடிச்சான்னு ஆயிடுமா? நானும்தான் டெய்லி எங்க ஊட்ல சண்டை போடறேன்."

ஏட்டு பேனாவை மூடினார். "அந்த டேங்க் எங்க?"

அண்ணன் புது டேங்கைக் கொண்டுவந்து வைத்தார். இதுதான் சார், நல்லாத்தான் இருக்கு, பாருங்க என்றார். நான் எழுந்து மோட்டார் ரூம் பக்கம் போய்க் கூரையைக் காட்டினேன். ஏட்டு புதுப்பையனைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். அவன் பழைய டேங்கைத் தள்ளிவிட்டான். அது விழுந்தபோது கிழிந்த லுங்கித் துணி இன்னமும் அதில் கட்டியபடி இருந்தது. ஏட்டு டேங்கை மோட்டார் ரூம் சுவரில் இருந்த ஆணியில் மாட்டச் சொல்லி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. துணியையும் மீறி இறங்கியது. அவர் செல்போனை எடுத்து நாலு போட்டோ எடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நான் சொன்னதை முதலிலிருந்து எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

அவர் பைக் கிளம்பிய சத்தம் ஓய்ந்ததும் அண்ணன் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"ஒம்போது வருஷம் ஒனக்கு சோறு போட்டேன்" என்றார்.

"கீரை புடுங்கனேன், கூலி குடுத்தீங்க" என்றேன்.

"போய்டு. இந்தப் பக்கம் கால வெக்காத."

அந்த வாரத்துக் கூலி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

டாக்டரம்மாவும் முதுகைப் பற்றித் தன் சீட்டில் எழுதியிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. அது இல்லாவிட்டால் என் பேச்சு எவ்வளவு தூரம் நின்றிருக்குமோ. தொழிலாளர் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று தடவை போனேன். முதல் தடவை போனபோது படிக்கட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். பாதி உடம்பாகியிருந்தான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், அப்படியும் தளும்பியது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவள் ஆட்டவில்லை.

நான் அவளுக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ மொதல்ல சொல்லல."

"ஆமா, சொல்லல" என்றேன்.

அதோடு சரி. மூன்று தடவையிலும் நாங்கள் பேசியது அவ்வளவுதான். கடைசித் தடவை அங்கிருந்து பூந்தமல்லிக்கு ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தோம். வேறு வண்டி இல்லை. அவள் ஓரமாக வெளியே பார்த்தபடி வந்தாள். எனக்கும் சேர்த்து அவன் காசு கொடுக்கப் போனான். அவள் அவன் கையைத் தடுத்துவிட்டாள். சரிதான் என்று நானும் என் காசைக் கொடுத்து இறங்கினேன்.

அவர்களுக்கு ஆதார் கார்டு திரும்பக் கிடைத்தது. ஏஜென்ட் பிடித்து வைத்திருந்த சம்பளமும், மேலே ஏதோ ஒரு தொகையும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் கை நடுக்கத்துக்கு அது போதாது என்று எனக்கே தெரிந்தது. ஊருக்குப் போய்விட்டார்கள் என்று லோடு ஆட்டோக்காரர் சொன்னார். அண்ணனுக்கு ஒன்றும் பெரிதாக ஆகவில்லை. கோர்ட்டில் கேஸ் நடக்கிறது என்கிறார்கள். அந்த நிலத்தை விட்டுவிட்டு, திருநின்றவூர் பக்கம் வேறு நிலம் எடுத்துக் கீரை போடுகிறார் என்றும் கேள்வி. அங்கே யார் மருந்து அடிக்கிறார்களோ தெரியாது.

தோட்டம் மூடியதில் என்னோடு கடைசிவரை வேலை செய்த இரண்டு பெண்களுக்கும் வேலை போனது. அவர்கள் என்னோடு பேசுவதில்லை. நான் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். கான்ட்ராக்ட்தான். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நாள் பூரா கை சோப்புத் தண்ணீரில் ஊறுகிறது. அங்கேயும் பாதிப்பேர் வடக்கத்தி ஆட்கள். சூப்பர்வைசர், "இஷ்டம் இல்லன்னா சொல்லு, அவங்க கீறாங்க" என்று அங்கேயும் சொல்கிறான். அந்தப் பையன்கள் தட்டில் சோற்றை மிச்சம் வைத்துக் கொண்டுவந்து போட்டால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. ஆனால் இப்போது திட்டுவதற்கு முன்னால் சூப்பர்வைசர் எங்கே நிற்கிறான் என்று ஒரு தடவை பார்க்கிறேன்.

போன மாதம் ரேஷன் கடை வரிசையில், அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி எனக்கு முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள் திடீரென்று திரும்பினாள்.

"நெஜமா சொல்லு. அந்த ஒடிசாக்காரங்க ஒனக்கு எவ்ளோ குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கல."

"அப்புறம் இன்னாத்துக்குடி சொன்ன?"

சொல்லிப் பார்த்தேன். அண்ணன் கூப்பிட்டுப் பேசியது, நம்ம ஆளு என்றது, எல்லாம் சொன்னேன். அவள் பாதியிலேயே பையை உதறிக்கொண்டு முன்னால் நகர்ந்துவிட்டாள். நம்பவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், வரிசை போகிறது, நகரு என்றார். நகர்ந்தேன்.